சும்மா இருப்பவருக்கான அளவு

ஈரோட்டுப் பக்கத்தில் இறந்துபோன மூன்றாவது பெண்ணும் ‘சும்மா இருப்பவர்’ பிரிவில்தான் இருந்தார்.

யாழினி அந்த அறிக்கையை மூடிவிட்டு, மறுபடியும் திறந்து, அதே வரியைப் பார்த்தாள். திட்ட ஆவணத்தில் அந்தப் பிரிவின் பெயர் ‘உடலியக்கம் அற்றோர்’. ஆனால் கோவை ஆய்வு மையத்தில் எல்லாருக்கும் அது ‘சும்மா’ பிரிவுதான். தொலைபேசியில் கேள்வி கேட்கும்போது அதில் வந்து விழுகிற முதியவர்கள் ஏறக்குறைய எல்லாரும் சும்மா இருக்கேன் என்ற அந்த ஒரு பதிலையே சொன்னதால் வந்த பெயர்.

கேள்விகளை எழுதியவள் யாழினி.

அறிக்கையோடு இயக்குநர் ஞானதுரையின் அறைக்குப் போனாள். அவர் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

“சார், இது மூணாவது.”

“அந்தம்மாவுக்கு எழுபத்திரண்டு வயசு, யாழினி. அந்த வயசுல இதயம் நிக்கறது ஒரு செய்தியா?”

“மூணு பேரும் பெண்கள். மூணு பேரும் பெரிய ஒட்டு போட்டிருந்தவங்க. நாள் முழுக்க மூட்டை தூக்கின ஆளோட இதயம் மாதிரி களைச்சுப் போயிருந்துச்சுன்னு டாக்டர் எழுதியிருக்கார்.”

“அவங்க மூட்டை தூக்கலையே. சும்மா இருந்தவங்கதானே?”

“அப்படித்தான் சொன்னாங்க,” என்றாள் யாழினி.

ஒட்டு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. உள்ளங்கை அளவில் மெல்லிய துணி மாதிரி இருக்கும். தோள்பட்டைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் அதிலிருக்கும் மருந்து தோல் வழியாக இறங்கி, தசைகளை உழைத்ததாக நம்பவைக்கும். நாற்காலியை விட்டு எழாதவருக்கும் நடந்த பலன் கிடைக்கும். சர்க்கரை குறைந்தது, விழுந்து இடுப்பு உடைவது குறைந்தது, ஆஸ்பத்திரி வராந்தாக்களில் கூட்டம் குறைந்தது. யாருக்கு எவ்வளவு மருந்து என்பதுதான் சிக்கல். ஏற்கெனவே எவ்வளவு உழைக்கிறார்களோ அதைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் ஒட்டு தர வேண்டும். அதற்காகத்தான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஓர் இயந்திரக் குரல் எல்லா முதியவர்களையும் தொலைபேசியில் அழைத்து மரியாதையாகக் கேட்கும்: கடந்த வாரத்தில் எத்தனை நாள் நடந்தீர்கள், எத்தனை நாள் கடினமான வேலை செய்தீர்கள், எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீர்கள். சொல்லும் பதிலைப் பொறுத்துச் சின்ன ஒட்டோ பெரிய ஒட்டோ வீட்டுக்கு வரும்.

“அது உக்காந்திருக்கிற உடம்புக்கு மருந்து சார். உழைக்கிற உடம்பு மேல ஒட்டினா இரட்டை உழைப்பு. தூங்கும்போதும் தசை உழைச்சுக்கிட்டே இருக்கும்.”

“அப்போ அந்த மூணு அம்மாவும் பொய் சொன்னாங்களா?”

“தெரியலை.”

“இங்க பாருங்க. கேள்வியை மட்டும் நம்பியிருந்தா உங்க சந்தேகத்தை ஒத்துக்குவேன். நாம அசைவை அளக்கிற கைப்பட்டையும் கட்டிப் பார்த்தோம். வாயால சொன்னதும் பட்டை காட்டினதும் ஒத்துப்போச்சு. உங்க கட்டுரைக்குப் பரிசு கிடைச்சதே அதுக்காகத்தானே? ரெண்டு சாட்சியும் ஒரே மாதிரி சொன்னா வேற என்ன வேணும்?”

அவர் ஒரு சுளையை நீட்டினார். யாழினி வாங்கிக்கொண்டாள். அதைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு தன் இடத்துக்கு வந்தாள். பெரிய ஒட்டு போட்டிருந்து, மயங்கி விழுந்து, ஆனால் பிழைத்துக்கொண்ட பெண்கள் யாராவது உண்டா என்று தேடினாள். சித்தோட்டில் ஒருவர் இருந்தார். சுகுணா, வயது எழுபத்தொன்று.

*

ஓட்டு வீடு இல்லை, மாடி வீடும் இல்லை. எண்பதுகளில் கட்டி, பிறகு பலமுறை பூசி மெழுகிய வீடு. யாழினி காலையிலேயே போய்விட்டாள். கதவு திறந்திருந்தது. உள்ளே யாரோ தண்ணீர் ஊற்றித் துணி கசக்கும் சத்தம்.

“சுகுணாம்மா இருக்காங்களா? கோயமுத்தூர்ல இருந்து வர்றேன். ஒட்டு விஷயமா.”

“வாங்க கண்ணு, வாங்க. உக்காருங்க. ஒரு நிமிசம், இந்தப் போர்வையை அலசிப் போட்டுட்டு வந்தர்றேன்.”

ஒல்லியான பெண். முழங்கை வரை ஈரம். போர்வையைப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டுவிட்டு வந்தார். வந்தவர் உட்காரவில்லை. முன்னறையில் சுவரோரமாக ஒரு கட்டிலில் அவருடைய கணவர் படுத்திருந்தார். பெயர் தங்கராசு, பஸ் ஓட்டியவர். மூன்று வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. பேச்சு குழறும். ஆள் பெரிய உருவம்.

“மயக்கம் போட்டு விழுந்தீங்களாமே அம்மா?”

“அது வெயிலுங்க. டிபன் சாப்பிடாம நின்னுட்டேன். இப்ப ஒன்னுமில்லீங்க.”

யாழினி கையோடு கொண்டுபோன தொடுதிரைப் பலகையைத் திறந்து, தொலைபேசிக் குரல் கேட்கும் அதே கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

“போன வாரம் எத்தனை நாள் உடற்பயிற்சி செஞ்சீங்க?”

“உடற்பயிற்சியா?” சுகுணா சிரித்தார். “நமக்கெதுக்குங்க அதெல்லாம்.”

“கடினமான வேலை?”

“வேலைக்கெல்லாம் போறதில்லீங்க. முன்னாடி கார்மென்ட்ஸ் போயிட்டிருந்தேன். இவுங்க அம்மா படுக்கையில விழுந்த பொறவு நின்னுட்டேன். இப்ப ஊட்டுல சும்மாதானுங்க இருக்கேன்.”

சொல்லிக்கொண்டே கட்டிலுக்குப் போனார். ஒரு முழங்காலைக் கட்டில் சட்டத்தில் ஊன்றி, கணவரின் தோளுக்கு அடியில் ஒரு கையும் இடுப்புக்கு அடியில் ஒரு கையும் கொடுத்து, “ஏனுங்க, கொஞ்சம் இக்கட்டால வாங்க,” என்றார். அந்தப் பெரிய உடம்பு அவர் பக்கமாகப் புரண்டது. முதுகைத் துடைத்து, பவுடர் போட்டு, அடியில் கிடந்த விரிப்பை உருவி, புதியதை நுழைத்து, மறுபடி மெதுவாகக் கிடத்தினார். மூச்சு வாங்கவில்லை. பேச்சும் நிற்கவில்லை.

யாழினி பலகையில் பூஜ்யம் என்று குறித்த விரலை எடுக்காமல் இருந்தாள்.

“இதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை செய்வீங்க?”

“எதை?”

“இப்ப செஞ்சீங்களே. திருப்பிப் போடுறது.”

“அட, அதுவா. அப்பப்ப செய்யோணுமுங்க. இல்லாட்டி முதுகு புண்ணாப் போயிரும். அது ஒரு வேலையாங்க?”

யாழினி பலகையை மடியில் கவிழ்த்து வைத்தாள். கேள்வியில் ‘வேலை’ என்று எழுதியவள் அவள்தான். எத்தனை கூட்டம் போட்டு, எத்தனை பேரைக் கேட்டு, எளிமையான சொல் என்று அதைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த அம்மாவின் காதில் அது கம்பெனிக்குப் போய்ச் சம்பளம் வாங்குவது என்று விழுந்திருக்கிறது.

ஆனால் கைப்பட்டை? அதற்குக் காது கிடையாதே.

“அம்மா, அஞ்சு வருஷம் முன்னாடி கையில ஒரு பட்டை கட்டிவிட்டிருப்பாங்களே, நீங்க அதுல இருந்தீங்களா?”

“இருந்தனுங்களே. கறுப்பா, வாச்சு மாதிரி. அப்ப இவுங்க அம்மா படுக்கையில கெடந்தாங்க. அவங்களையும் நான்தான் பார்த்துக்கிட்டேன். பட்டையைப் பத்திரமா வச்சிருந்து திருப்பிக் கொடுத்தேன், ஒரு கீறல் இல்லாம.”

“கட்டியே இருந்தீங்களா?”

“தண்ணி பட்டாக் கெட்டுப் போயிருமுன்னு காலையில கழட்டி ஆணில மாட்டிருவேன். கழுவறது, தொவைக்கறது, அவங்களைக் குளிப்பாட்டறது எல்லாம் முடிஞ்சு, சோறு தின்னுட்டு உக்காரப்பக் கட்டிக்குவேன்.”

“நனைஞ்சாலும் அதுக்கு ஒன்னும் ஆகாதும்மா.”

“அதை யாரும் சொல்லலைங்களே,” என்றார் சுகுணா, தன்மேல் பழி வந்துவிடுமோ என்பதுபோல.

 பட்டையைக் கழற்றிய அந்த இடைவெளிகளை யாழினி பார்த்திருக்கிறாள். பெண்களின் வரைபடங்களில் காலை நேரம் முழுதும் வெறுமையாக இருந்தது. பட்டை கையில் இல்லையா, கை அசையவில்லையா என்று அது சொல்லாது. அறிக்கை கொடுக்க வேண்டிய அவசரம். திரும்பப் போய்க் கேட்க ஆள் இல்லை. முதியவர்கள்தானே, படுத்திருப்பார்கள் என்று வெறுமையான இடங்கள் எல்லாவற்றையும் ‘ஓய்வு’ என்று நிரப்பச் சொல்லி ஒரு கட்டளை கொடுத்தாள். கணினி ஒரு நொடியில் நிரப்பிவிட்டது. அதன் பிறகுதான் இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போயின.

“என்ன கண்ணு, மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு? காப்பி குடிக்கறீங்களா?”

“வேண்டாம்மா. அந்த ஒட்டை இன்னிக்கே எடுத்துடுங்க. அது உங்களுக்கு வேண்டாம்.”

சுகுணா சரியென்று தலையாட்டினார். கட்டிலில் இருந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுகுணா அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டு, “அவங்க கெளம்பறாங்க, விடுங்க,” என்றார்.

*

ஞானதுரை எல்லாவற்றையும் கேட்டார். ஜன்னலை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“இந்த ‘ஓய்வு’ விஷயம் வேற யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது. இப்ப உங்களுக்கு.”

“அப்போ அது அங்கேயே இருக்கட்டும். கேள்வியை மாத்துங்க. அளவு தானா சரியாயிடும். கேள்வியை மேம்படுத்தினோம்னு அறிவிக்கலாம்.”

“மூணு பேர் செத்திருக்காங்க சார்.”

“நீங்க ஒத்துக்கிட்டா எழுந்து வருவாங்களா? திட்டத்தையே நிறுத்திடுவாங்க யாழினி. ஒட்டால நடக்கிற லட்சம் பேர் படுத்துக்குவாங்க. அந்தப் பாவமும் உங்க கணக்குலதான் சேரும்.”

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அதைப் பிடித்துக்கொள்வது யாழினிக்கு எளிதாகவும் இருந்தது. அவள் கேள்வியைத் திருத்தி எழுதினாள். துவைப்பது, தண்ணீர் தூக்குவது, அரைப்பது, படுத்திருப்பவரைப் புரட்டிப் போடுவது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கும்படி மாற்றினாள். ஒரே ஒரு விதியை மட்டும் தொடவில்லை. முதியவர் தன் வாயால் சொல்வதுதான் பதில். மகன், மருமகள், செவிலி யார் சொன்னாலும் கணக்கில் வராது. அதுவும் அவள் கொண்டுவந்த விதிதான். அம்மாவுக்குப் பதிலாகத் தொலைபேசியை வாங்கி ‘அவங்க சும்மா உக்காந்திருப்பாங்க’ என்று சொன்ன மகன்களைக் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போய் அதை எழுதினாள். அந்த ஒன்றிலாவது தான் நேர்மையாக நடந்துகொண்டதாக நினைத்தாள்.

புதிய கேள்விகளோடு குரல் எல்லாரையும் அழைத்தது. ஆயிரக்கணக்கான பெண்களின் எண்கள் பூஜ்யத்திலிருந்து ஏறின. பெரிய ஒட்டுகள் திரும்பி வந்தன. மையத்தில் இனிப்பு கொடுத்தார்கள். அன்று மாலை யாழினி சுகுணாவின் பதிலைத் தேடிப் பார்த்தாள்.

துவைப்பது: இல்லை. தூக்குவது: இல்லை. புரட்டிப் போடுவது: இல்லை.

*

இந்த முறை அவள் முன்கூட்டிச் சொல்லாமல் போனாள். சுகுணா வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். யாழினியைக் கண்டதும் சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டார். அந்த அவசரத்திலேயே யாழினிக்குப் புரிந்துவிட்டது.

“ஒட்டை எடுக்கலையா அம்மா?”

சுகுணா வெங்காயத் தோலைத் திரட்டினார்.

“நான் என் கண்ணால பார்த்தேன். நீங்க அவரைப் புரட்டுறதைப் பார்த்தேன். இப்ப குரல் கேட்டப்ப இல்லைன்னு சொல்லியிருக்கீங்க. ஏன்?”

“உள்ள வாங்க,” என்றார் சுகுணா. சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கதவை ஒருக்களித்தார். “மொதத் தடவை தெரியாமத்தானுங்க சொன்னேன். கேட்டாங்க, சும்மா இருக்கேன்னேன். பெருசா ஒன்னு வந்துச்சு. ஒட்டிக்கிட்டேன். ஒரு வாரம் போயிருக்கும், இவுங்களைத் திருப்பிப் போடறேன், தலகாணி மாதிரி வாராங்க. அதுக்கு முன்னால அழுதுக்கிட்டுத் திருப்புவேனுங்க. இடுப்பு விட்டுப்போகும். சில நாள் முடியாம அப்படியே போட்டுருவேன். ஒரு தடவை புண்ணு வந்து, அதுல புழு…” நிறுத்தினார். “இந்த ஒட்டு இல்லாம என்னால அவுங்களை அசைக்க முடியாதுங்க. அதான் ஒவ்வொரு தடவையும் ஒன்னும் செய்யறதில்லைன்னு சொல்றேன்.”

“அது உங்க இதயத்தைத் தின்னுட்டிருக்கு. மறுபடி விழுந்தா எந்திரிக்க மாட்டீங்க.”

“தெரியுமுங்க. ஆசுபத்திரியில சொன்னாங்க.”

தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார். அப்படியானால் அந்த மூன்று பேரும்கூட… யாழினிக்குள் நிம்மதி மாதிரி ஒன்று எழுந்தது. தண்ணீருக்கு அடியிலிருந்து தலையை வெளியே நீட்டியதுபோல இருந்தது. அது வந்த வேகத்தைப் பார்த்து அவளுக்கே தன்மேல் அருவருப்பாகிவிட்டது.

“மத்தவங்களுக்கும் இது தெரிஞ்சிருக்குமா அம்மா? செத்துப்போனாங்களே, அவங்களுக்கு?”

“அதை எப்படிங்க நான் சொல்றது? செத்தவங்களைக் கேக்க முடியுமா?”

வெளியே கட்டில் கிறீச்சிட்டது. யாழினி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “வேற வழி இருக்கு. உதவிக்கு ஆள் கேட்கலாம். என்னால முடியலைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பதிஞ்சுடுவேன்.”

“முடியலைன்னு சொன்னா இவுங்களை எங்கியாவது தூக்கிட்டுப் போயிருவாங்கன்னு சொல்றாங்களே?”

“இல்லம்மா. ஆள்தான் அனுப்புவாங்க.”

உறுதியாகத் தெரிந்து சொன்ன பதில் இல்லை அது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துச் சொன்னாள். சுகுணா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையை அசைத்து மறுத்தார்.

“வேண்டாங்க. அவுங்க காதுபட நான் முடியலைன்னு சொல்ல மாட்டேன்.”

“அவ… ளுக்கு… முடியலை.”

குரல் முன்னறையிலிருந்து வந்தது. இருவரும் போய்ப் பார்த்தார்கள். தங்கராசு தலையை அவர்கள் பக்கம் திருப்ப முயன்றுகொண்டிருந்தார். சொற்கள் ஒவ்வொன்றாக, எச்சிலோடு வந்தன.

“அவளுக்கு… முடியலை கண்ணு. ராத்திரி நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு… உக்காந்திருக்கா. நான் பார்த்துக்கிட்டு… கெடக்கறேன். எழுதிக்கோ.”

“நீங்க சும்மா இருங்க!” சுகுணா கத்தினார். “உங்களை யாராவது கேட்டாங்களா?”

“எழுது… கண்ணு.”

சுகுணா திரும்பிச் சமையலறைக்குள் போய்விட்டார். பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. யாழினி நின்றாள். வேறு ஒருவர் சொல்வதை எழுதக்கூடாது என்பது அவளுடைய விதி. அவள் பலகையைத் திறந்து, ‘நேரில் ஆய்வு செய்தவரின் குறிப்பு’ என்ற இடத்தில், இந்தப் பெண்ணால் இனி முடியாது என்று எழுதிக் கையொப்பம் இட்டாள். போகும்போது சுகுணாவின் தோளிலிருந்து ஒட்டையும் எடுத்துக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

வாரக் கடைசியில் தொலைபேசி வந்தது.

“ஆளு வருமுன்னு சொன்னீங்களே கண்ணு,” என்றார் சுகுணா. குரலில் கோபம்கூட இல்லை. “வண்டியல்லோ வந்திருக்குது.”

*

தங்கராசுவைப் பெருந்துறைக்குப் பக்கத்தில், திட்டத்துக்காக யாரோ நடத்தும் ஒரு பராமரிப்பு இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். உதவியாளர்கள் போதவில்லை; அதனால் படுக்கையில் இருப்பவர்களை ஓரிடத்தில் சேர்த்துவைப்பதுதான் நடைமுறை என்று யாழினிக்குப் பிறகுதான் சொன்னார்கள். கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார்கள். அவள் கேட்கவில்லை.

சுகுணாவின் இதயம் தேறி வருவதாக மருத்துவக் குறிப்பு வந்தது. மூன்று மாதம் யாரையும் தூக்கக்கூடாது, வெகுதூரம் போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஞானதுரை அந்தக் குறிப்பை அவளிடம் காட்டி, “பார்த்தீங்களா, ஒரு உயிரைக் காப்பாத்திட்டீங்க,” என்றார். யாழினி தலையாட்டினாள். அதன் பிறகு அவள் சித்தோட்டுக்கு ஒரு முறைகூட அழைக்கவில்லை. எண்ணை எடுப்பாள், வைத்துவிடுவாள்.

அடுத்த காலாண்டுப் பதில்கள் வந்தபோது, வழக்கம்போல நம்ப முடியாதவற்றைக் கணினி தனியே பிரித்துக் கொடுத்தது. தொண்ணூறு வயதில் தினமும் மலையேறுவதாகச் சொன்ன ஒருவர், வாரம் முழுதும் தூங்கவே இல்லை என்று சொன்ன ஒருவர். அவற்றுக்கு நடுவில் தங்கராசுவின் பெயர் இருந்தது.

எத்தனை நாள் நடந்தீர்கள்? எல்லா நாளும்.

உதவி இல்லாமலா? ஆமாம்.

எங்கே நடந்தீர்கள்? வீட்டுக்கு.

“பக்கவாதம், குழப்பம் இருக்கும்,” என்றார் ஞானதுரை எட்டிப் பார்த்து. “அழிச்சுடுங்க.”

யாழினி அதை அழிக்கவில்லை. அந்தப் பதிலால் இல்லத்தில் என்ன நடந்தது என்று பார்த்தாள். ஒன்பது நாட்களுக்கு முன்பே பதில் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. முதியவர் வாயால் சொல்வதே இறுதி என்பது விதி. இல்லத்தின் கணினி விதியைப் பின்பற்றித் தங்கராசுவைத் ‘தானே நடமாடுபவர்’ என்று மாற்றியிருந்தது. தானே நடமாடுபவரை யாரும் புரட்டிப் போட வேண்டியதில்லை.

அவள் பையைக்கூட எடுக்காமல் இறங்கி ஓடினாள். வழியில் சுகுணாவை அழைத்தாள். “அம்மா, கிளம்பி ரோட்டுக்கு வாங்க. நான் வர்றேன்.” சுகுணா ஏன் என்று கேட்கவில்லை.

இருவரும் போய்ச் சேர்ந்த இல்லத்தில் நீளமான கூடம், சுத்தமாகத்தான் இருந்தது. அத்தனை படுக்கைகளுக்கும் ஒரே ஒரு உதவியாளர். அவர் தங்கராசுவின் தலைமாட்டில் இருந்த திரையைக் காட்டி, “இவரு நடக்கறவருன்னு வருதுங்களே,” என்றார். சுகுணா அவரை விலக்கிவிட்டுப் போர்வையை எடுத்தார். டாக்டர் சொன்னது எதுவும் அவர் நினைவில் இல்லை. முழங்காலை ஊன்றிக் கைகொடுத்தார். ஒட்டு இல்லாத கைகள்; உடம்பு அசையவில்லை. யாழினியும் உதவியாளரும் சேர்ந்துதான் புரட்ட முடிந்தது.

முதுகைப் பார்த்த யாழினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுகுணா திருப்பிக்கொள்ளவில்லை.

“ஏனுங்க இப்படிச் சொன்னீங்க?” என்று கேட்டார். “நடக்கறேன்னு யாருங்க சொல்லச் சொன்னா?”

தங்கராசு வெகுநேரம் முயன்றார். “நடக்கறவங்களை… ஊட்டுக்கு… உட்டுருவாங்கன்னு… பக்கத்துக் கட்டில்ல… சொன்னாரு.”

குழப்பம் எதுவும் இல்லை. தெளிவாக யோசித்துச் சொன்ன பதில். சுகுணா தெம்பு வேண்டி ஒன்றுமே செய்வதில்லை என்றார். தங்கராசு மனைவியிடம் திரும்பிப் போக வேண்டி எல்லா நாளும் நடந்தேன் என்றார். யாழினி இரண்டையும் எண்களாக வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு என்று கேட்கத்தான் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் அந்தக் கேள்வியின் வழியாக அவளிடம் எதையோ கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

அன்றே அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இல்லத்தில் தடுத்தார்கள். யாழினி எல்லாத் தாளிலும் தன் பெயரில் கையொப்பம் போட்டாள்.

*

‘ஓய்வு’ என்று நிரப்பியதை அவள் மேலிடத்துக்கு எழுதி அனுப்பினாள். ஞானதுரை அவளிடம் பேசுவதை நிறுத்தினார். விசாரணை வைத்தார்கள். இறந்த பெண்களின் வீட்டார் வந்திருந்தார்கள். ஒருவர் அவளையே பார்த்துக்கொண்டு இருந்தார். வேலையிலிருந்து விலக்கி வைத்தார்கள். ஒட்டுத் திட்டம் நிற்கவில்லை. லட்சம் பேர் படுத்துக்கொள்ளவும் இல்லை. ஒட்டு கொடுக்கும் முன் ஒருவர் நேரில் போய் ஒரு காலைப்பொழுது வீட்டில் இருந்து பார்க்க வேண்டும் என்று மாற்றினார்கள். வேலை மெதுவானது, அவ்வளவுதான். ஞானதுரை சொன்னதை அன்று அவ்வளவு விரைவாக நம்பியது ஏன் என்று யாழினி அடிக்கடி தன்னையே கேட்டுக்கொண்டாள்.

சுகுணாவின் வீட்டுக்கு ஓர் உதவியாளர் வரத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவருக்கு விடுமுறை. அந்த நாளில் யாழினி வருவதாகச் சொன்னாள். சுகுணா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை.

முதல் இரண்டு ஞாயிறு ஒழுங்காக வந்தாள். மூன்றாவது ஞாயிறு கோவையிலிருந்து கிளம்பவே தாமதமாகிவிட்டது. விசாரணையின் முடிவு முதல் நாள்தான் வந்திருந்தது. பழங்கள் வாங்கிக்கொண்டு போனாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேசத் தொடங்கிவிட்டாள்.

“அம்மா, நேத்து தீர்ப்பு மாதிரி வந்துடுச்சு. என்மேல தப்புன்னு எழுதியிருக்காங்க. சரியாத்தான் எழுதியிருக்காங்க. உங்களுக்கும் அவருக்கும் நான் செஞ்சதை நினைச்சா எனக்குத் தூக்கமே வர்றதில்லை. எப்படி மன்னிப்புக் கேக்கறதுன்னுகூட—”

சுகுணா கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் புதிய விரிப்பு. தங்கராசுவின் முகம் வலியில் சுருங்கியிருந்தது. திருப்பிப் போட வேண்டிய நேரம் எப்போதோ கடந்துவிட்டிருந்தது.

“கண்ணு,” என்றார் சுகுணா. “நீங்க பாவத்தைக் கழுவிக்க வாரீங்களா, தூக்கறதுக்கு வாரீங்களா? தூக்கறதுக்குன்னா நேரத்தோட வாங்க.”

யாழினி பழப்பையைக் கீழே வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, கட்டிலின் மறுபக்கம் நின்று, ஒரு முழங்காலைச் சட்டத்தில் ஊன்றினாள்.

“தோளுக்கு அடியில குடுங்க. அங்க இல்ல, இன்னும் கீழ. ம். இப்ப.”

அவர் அவள் நினைத்திருந்ததைவிடக் கனமாக இருந்தார்.